மீனும் தயிரும்

கல்லூரி அலுவலகத்து டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் காலை பத்தரைக்குக் கத்த ஆரம்பித்தது. பன்னிரண்டு மணிக்கும் ஓயவில்லை. இரு ஓரமும் துளையிட்ட தாள் மடிப்பு மடிப்பாக இறங்கி, கிளார்க் அண்ணனின் நாற்காலிக்குப் பின்னால் குவிந்துகொண்டிருந்தது. ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார். "மேடம், ஸ்டாண்டுல எடமே ஐந்நூறு வண்டிக்குத்தான். இது ஆயிரத்தைத் தாண்டிப் போகுதே. நிப்பாட்டவா, விடவா?"

2012 ஜூன் மாதம். சைக்கிள் ஸ்டாண்டுக்கு டோக்கன் அடிக்கும் வேலை. விடுதிப் பிள்ளைகளுக்கு வண்டி வேண்டாம்; கல்லூரிப் பேருந்தில் வருகிறவர்களுக்கும் வேண்டாம். மிச்சப் பேருக்கு ஆளுக்கொரு சீட்டு. அப்போது கல்லூரியில் மொத்தம் 1,140 பேர். விடுதியில் 210, பேருந்தில் 480. கழித்தால் 450 சீட்டு வர வேண்டும். வந்தது 1,140. விடுதிக் கட்டிலிலிருந்து எழுந்து இருபது அடி நடந்தால் வகுப்பறை என்கிற பையனுக்கும் ஒரு சைக்கிள் டோக்கன்.

அந்த புரோகிராமை எழுதியவன் எங்கள் மூன்றாமாண்டு மாணவன். உசிலம்பட்டிப் பக்கம். கெட்டிக்காரன். முந்தின நாள் சாயங்காலம் அதைப் பார்த்து 'சரி' என்று சொன்னவள் நான்.

"ரன் பண்ணிப் பார்த்தியாப்பா?"

"பார்த்தேன் மேம். எரர் எதுவும் வரல."

அதோடு இருவரும் வீட்டுக்குப் போய்விட்டோம்.

கிளார்க் அண்ணன் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தது இது: 'ஹாஸ்டலிலும் பஸ்ஸிலும் இல்லாதவர்கள்.' பையன் அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றியிருந்தான். 'ஹாஸ்டலிலும் பஸ்ஸிலும்' என்பதற்கு ஹாஸ்டல் அண்ட் பஸ். 'இல்லாதவர்கள்' என்பதற்கு முன்னால் ஒரு நாட். அடைப்புக்குறியெல்லாம் ஒழுங்கு. கணிப்பொறி ஒவ்வொரு பெயராக எடுத்து, 'இந்த ஆள் விடுதியிலும் தங்கி, பேருந்திலும் வருகிறானா?' என்று பார்த்தது. விடுதியில் தங்குகிறவன் எதற்குப் பேருந்தில் வரப் போகிறான்? ஒருவனும் இல்லை. ஆகவே பொய். நாட் அதைப் புரட்டி மெய்யாக்கியது. 1,140 தடவையும் மெய்.

நான் அப்போது ஒன்பது வருடமாக டிஸ்கிரீட் மேத்ஸ் நடத்திக்கொண்டிருந்தேன். முதல் யூனிட்டே கூற்றுகளின் தர்க்கம், அடுத்து கணங்கள். அந்தப் பையன் என் வகுப்பில்தான் டி மார்கன் விதிகளைப் படித்தான். மெய் அட்டவணை போட்டு நிறுவுக என்ற கேள்விக்கு எட்டுக்கு எட்டு வாங்கினான். அந்த எட்டு மதிப்பெண்ணைப் போட்டதும் நான்தான். தாளில் விதி தெரிந்த பையனுக்கும் தாளைத் திருத்திய எனக்கும் ஒரு தமிழ் வாக்கியத்தில் அதே விதி ஒளிந்திருந்தது தெரியவில்லை. நாற்காலிக்குப் பின்னால் இருந்த தாள்கட்டை விட இதுதான் அன்று எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

ஒன்பது வருடமாக நான் நடத்திய முறையைச் சொல்கிறேன். போனதும் கரும்பலகையில் கூம்புக் குறி ஒன்று, கவிழ்த்த கூம்பு ஒன்று, மறுப்புக்கு ஒரு மடிந்த கோடு. ∧ என்றால் அண்ட், ∨ என்றால் ஆர், ¬ என்றால் நாட். மாறி இரண்டென்றால் நான்கு வரிசை, மூன்றென்றால் எட்டு. டீ, எஃப் என்று நிரப்பிக்கொண்டே போவோம். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். கூட்டல் வாய்ப்பாடு போல, யோசிக்காமல் மதிப்பெண் வரும் இடம். அரியர் விழாத யூனிட் என்று சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லி வைத்திருப்பார்கள். உதாரணத்துக்கு ஆங்கிலப் புத்தகத்தில் உள்ள வாக்கியங்களையே எடுப்பேன். பாரிஸ் பிரான்ஸில் உள்ளது, இரண்டும் இரண்டும் ஐந்து. பிள்ளைகளில் பாதிக்கு மேல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. அவர்கள் வாயிலிருந்து ஒரு வாக்கியத்தையும் நான் வாங்கியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மீன் குழம்பு. சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் என் மகன் தயிருக்குக் கை நீட்டினான். அப்பத்தா சொன்னது: "மீனும் தயிரும் சேத்துத் திங்காதடா." இது உடம்புக்கு உண்மையில் ஆகுமா ஆகாதா என்பது வேறு விவகாரம், அதற்குள் நான் போகவில்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது 'சேத்து' என்ற சொல். அப்பத்தா மீனை வேண்டாம் என்று சொல்லவில்லை, தயிரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றை மட்டும் சாப்பிடலாம். இரண்டும் ஒரே வயிற்றில் சேரக் கூடாது. அண்ட் போட்டு, அதன் மேல் நாட் போட்ட வாக்கியம். பையன் எழுதிய அதே நிபந்தனை.

அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள். 'மீனும் தயிரும் சாப்பிடாதே.' மருத்துவர் சொல்லும் பத்தியம் ஆகிவிட்டது. மீனும் கூடாது, தயிரும் கூடாது. மீனுக்கு ஒரு நாட், தயிருக்கு ஒரு நாட், நடுவில் அண்ட். தமிழில் 'உம்' போட்டு எதிர்மறை வினையில் முடித்தால், அந்த எதிர்மறை ஒவ்வொரு 'உம்'முக்கும் தனித்தனியாகப் போய்ச் சேர்கிறது. மொத்தமாக அதன் மேல் கவிழ வேண்டுமென்றால் நாம் 'சேர்த்து' என்றோ 'ஒருசேர' என்றோ ஒரு சொல்லைக் கூடுதலாகப் போடுகிறோம். கிளார்க் அண்ணன் எழுதிய வாக்கியத்தில் 'சேர்த்து' இல்லை. பையன் அது இருப்பதுபோல மொழிபெயர்த்துவிட்டான்.

இன்னொன்றும் அன்று மத்தியானமே தெரிந்தது. இதையே 'மீனோ தயிரோ சாப்பிடாதே' என்றும் சொல்லலாம். 'ஓ' என்றால் ஆர். ஆருக்கு மேல் நாட். பொருள் பத்தியம்தான், மாறவில்லை. 'மீனும் சாப்பிடாதே, தயிரும் சாப்பிடாதே' என்பதும் 'மீனோ தயிரோ சாப்பிடாதே' என்பதும் ஒன்று. இதுதானே டி மார்கன் விதி! நாட்டை அடைப்புக்குறிக்குள் கொண்டுபோனால் ஆர் அண்ட் ஆகும், அண்ட் ஆர் ஆகும் என்று ஒன்பது வருடம் சாக்பீஸ் தேய்த்தேன். என் மாமியார் தட்டு கழுவிக்கொண்டே அதைப் பேசிக்கொண்டிருக்கிறார்.

திங்கட்கிழமை குறிகளை விட்டுவிட்டேன். முதல் வாரம் முழுக்கக் குறியே கிடையாது, வீட்டில் காதில் விழுந்த வாக்கியங்களை நோட்டில் எழுதி வாருங்கள் என்றேன். உம், ஓ, ஆல், தான், மட்டும் ஆகிய ஐந்தில் ஒன்றாவது இருக்க வேண்டும். அந்த நோட்டுகளைப் போல ஒரு பாடப்புத்தகம் எனக்கு வேறு கிடைத்ததில்லை. ரேஷன் கடை வாக்கியம், பஸ் கண்டக்டர் வாக்கியம், அப்பா அம்மா சண்டை வாக்கியம் எல்லாம் வந்தன. ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'சித்தப்பா வந்தாலும் வருவாரு, வராட்டியும் இல்ல.' இதற்கு மெய் அட்டவணை போட முடியுமா என்று கேட்டாள். போடலாம்: வருவார் அல்லது வரமாட்டார். எந்த வரிசையிலும் மெய். மெய்மம் என்று பாடநூல் பெயர் வைத்திருப்பது இதைத்தான். சித்தப்பாவைப் பற்றி அது ஒரு தகவலும் தருவதில்லை. அதனால்தான் அது எப்போதும் மெய்யாக இருக்க முடிகிறது.

'என்றால்' என்ற நிபந்தனைக் கூற்றில்தான் வகுப்பு எப்போதும் மல்லுக்கு நிற்கும். முன்பகுதி பொய்யாகிவிட்டால் முழுக் கூற்றும் மெய் என்று அட்டவணை சொல்கிறது. "அது எப்படி மேம்?" என்று கேட்காத பேட்ச் இல்லை. முன்பெல்லாம் 'வரையறை அப்படி' என்று கடந்துவிடுவேன். அந்த வருடம் ஒரு வாக்குக் கொடுத்தேன்: "இன்டர்னலில் ஐம்பதுக்கு நாற்பது எடுத்தால் ஜிகர்தண்டா வாங்கித் தருகிறேன்." ஆறு பேர் எடுத்தார்கள். வாங்கிக் கொடுத்தேன். முப்பத்திரண்டு எடுத்த ஒருத்திக்கும், அன்று அவள் பிறந்தநாள் என்பதால், ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் வகுப்பில் பஞ்சாயத்து.

"மேம், நீங்க வாக்கு மாறிட்டீங்க."

"என்ன சொன்னேன்? நாப்பது எடுத்தா வாங்கித் தர்றேன்னேன். எடுத்தவங்க யாருக்காச்சும் தராம விட்டேனா?"

"இல்ல மேம்... ஆனா நாப்பது எடுத்தாத்தான்னு நாங்க நினைச்சோம்."

எடுத்தாத்தான்! அந்தத் 'தான்' எங்கிருந்து வந்தது? நான் சொல்லவில்லை, அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். என் வாக்கு பொய்யாவது ஒரே ஒரு வரிசையில்தான்: நாற்பது எடுத்தும் ஜிகர்தண்டா வராதபோது. முப்பத்திரண்டு எடுத்தவளைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வாக்கு நிற்கிறது. இதைச் சொன்னபோது அந்த நான்கு வரிசையையும் அவர்களே பலகையில் நிரப்பினார்கள்.

அன்றைக்குத் தமிழின் மேல் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, ஒளிக்கவில்லை. ஆங்கிலத்தில் 'இஃப்' என்பதற்கும் 'ஒன்லி இஃப்' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தில் எம்.எஸ்ஸி. படித்தவர்களே இடறுவதைப் பார்த்திருக்கிறேன். நம்மிடம் அது ஓர் ஒட்டு. 'படிச்சா பாஸ்': படிப்பு போதும். 'படிச்சாத்தான் பாஸ்': படிப்பில்லாமல் பாஸ் இல்லை, அதனால் பாஸானவன் படித்தவனாகத்தான் இருப்பான், அம்புக்குறி திரும்பிவிட்டது. இதுவே மறுதலை. 'படிச்சாலும் பாஸாக மாட்டான்': படிப்புக்கும் முடிவுக்கும் தொடர்பே அறுந்தது. ஆல், ஆல்தான், ஆலும். எட்டு வயதுப் பிள்ளை இம்மூன்றையும் மாற்றிப் பேசாது. அதே பிள்ளை பதினெட்டு வயதில் அம்புக்குறியைப் பார்த்ததும் திகைக்கிறது.

பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1966இல் எழுதிய நான்கு அட்டைப் புதிரை அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் வைக்கிறேன், சற்று மாற்றி. ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். விதி: ஒரு பக்கம் உயிரெழுத்து என்றால் மறுபக்கம் இரட்டைப்படை எண். மேசையில் அ, க, 4, 7. விதி மீறப்படவில்லை என்று உறுதிசெய்ய எந்தெந்த அட்டையைப் புரட்ட வேண்டும்? வகுப்பே ஒரே குரலில் 'அ, 4' என்னும். தவறு. நாலின் பின்னால் எது இருந்தாலும் விதிக்குக் கேடில்லை. புரட்ட வேண்டியது அ, 7. ஏழின் பின்னால் உயிரெழுத்து இருந்தால் குட்டு வெளிப்படும்.

உடனே இன்னொன்று கேட்பேன். பேருந்தில் மாணவர் பாஸ் காட்டினால் அடையாள அட்டையும் இருக்க வேண்டும். நான்கு பேர் நிற்கிறார்கள்: கையில் பாஸோடு ஒருவர், டிக்கெட்டோடு ஒருவர், கழுத்தில் அடையாள அட்டையோடு ஒருவர், அட்டையே இல்லாத ஒருவர். செக்கிங் இன்ஸ்பெக்டர் யாரை நிறுத்துவார்? மூச்சு விடுவதற்குள் பதில் வரும்: பாஸ் வைத்திருப்பவரையும் அட்டை இல்லாதவரையும். அதே புதிர், அதே விடை. 1982இல் ரிச்சர்ட் கிரிக்ஸும் ஜேம்ஸ் காக்ஸும் அமெரிக்காவில் பீர் குடிக்கும் வயதை வைத்து இதே வித்தியாசத்தைக் காட்டினார்கள். திருமங்கலம் பஸ்ஸில் வருகிற பிள்ளைக்குப் பீரை விட பாஸ் பொருத்தம்.

தமிழ்த் துறையில் எனக்கு ஒரு மூத்த தோழி. மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றாக உட்காருவோம். பிரிண்டர் கதையைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. "உம்மைக்குத் தொல்காப்பியம் எட்டுப் பொருள் சொல்லுதும்மா. நீ ஒண்ணை வச்சுக்கிட்டு ஒன்பது வருசம் ஓட்டியிருக்க" என்றார். எண்ணும்மை ஒன்று: மீனும் தயிரும், பொருள்களை எண்ணி அடுக்குவது, எங்கள் அண்ட். முற்றும்மை ஒன்று: எல்லாரும், மூவரும், மிச்சமில்லாமல் அள்ளுவது. இரண்டாம் செமஸ்டரில் தலைகீழ் ஏ போட்டு 'அனைத்துக்கும்' என்று நான் எழுதும் குறிக்குப் பெயர் அங்கே ஏற்கெனவே இருந்தது.

அவர் அடுத்துச் சொன்னதுதான் என்னைச் சாப்பிட விடவில்லை. முற்றும்மை சில இடங்களில் எச்சப் பொருளும் தரும் என்று நன்னூல் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறதாம். 'எல்லாரும் வரவில்லை' என்றால் ஒருவர்கூட வரவில்லை என்றும் கொள்ளலாம். எல்லாரும் வந்துவிடவில்லை, சிலர் வந்தார்கள் என்றும் கொள்ளலாம். நாட் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்ற கேள்வி. எங்கள் பாடத்தில் 'அனைத்துக்கும்' என்பதை மறுத்தால் 'ஏதேனும் ஒன்றுக்கு அல்ல' என்று ஆகும் என ஒரு முழு வகுப்பு எடுப்போம். நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் அந்த இடத்தில் ஒரு கொடி நட்டு வைத்திருக்கிறார். அவர் தர்க்கக் கணிதம் செய்தார் என்று மேடையில் முழங்கும் ஆசாமி நான் இல்லை. அவர் இலக்கணம் செய்தார். ஆனால் குழி இருக்கும் இடம் அவருக்குத் தெரிந்திருந்தது. அடுத்த வருடத்திலிருந்து அந்தத் தோழி ஒரு மணி நேரம் என் வகுப்புக்கு வந்து உம்மை நடத்துகிறார். கணிப்பொறி அறிவியல் கால அட்டவணையில் 'நன்னூல்' என்று எழுதியதைப் பார்த்துத் துறைத் தலைவர் இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்தார்.

டி மார்கனைப் பற்றியும் அந்த வருடம்தான் தேடிப் படித்தேன். படித்ததும் மறுபடி ஓர் அடி. அகஸ்டஸ் டி மார்கன் 1806 ஜூன் 27 அன்று பிறந்தது மதுரையில். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. குழந்தை பிறந்த இரண்டே வாரத்தில், ஜூலை 10இல், வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். ஏழு மாதக் குழந்தையாக இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். கைக்குழந்தையிலேயே வலக்கண் பார்வை போய்விட்டது. 1828இல் லண்டனில் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் முதல் கணிதப் பேராசிரியர். ஏடா லவ்லேஸுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். டெல்லியில் இருந்த ராம்சந்திரா என்ற கணித ஆசிரியரின் நூல் 1859இல் லண்டனில் வெளிவரக் காரணமாக இருந்து, அதற்கு முன்னுரையும் எழுதினார். தன் வயதைக் கேட்டால், தன் வயதின் வர்க்கமாக அமையும் ஆண்டில் தனக்கு அந்த வயது என்று விடுகதை போடுவாராம்: 1849இல் நாற்பத்து மூன்று. நாற்பத்து மூன்றை நாற்பத்து மூன்றால் பெருக்கிப் பாருங்கள். நான் 1980இல் பிறந்தவள். 2025இல் எனக்கு நாற்பத்தைந்து. 45 பெருக்கல் 45 எவ்வளவு என்று வகுப்பில் கேட்டுவிட்டு, அந்த வருடம் முழுவதும் கொஞ்சம் மிதப்பாகவே திரிந்தேன். இந்த யோகம் அடுத்து 2116இல்தான் யாருக்காவது வாய்க்கும்.

மீனாட்சி கோயில் கோபுரம் தெரிகிற மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே வளர்ந்தவள் நான். இந்த ஊரில் பிறந்த மனிதரின் பெயரை ஒன்பது வருடம் பலகையில் எழுதியும் அவர் எங்கே பிறந்தார் என்று கேட்கத் தோன்றவில்லை. இந்த விதி அவர் கண்டுபிடித்ததும் அல்ல; பதினான்காம் நூற்றாண்டில் ஆக்கமின் வில்லியமுக்கே இது தெரியும். டி மார்கன் அதைக் குறியீட்டு உடையில் நிறுத்தினார். அவர் நண்பர் ஜார்ஜ் பூல், செருப்புத் தைப்பவரின் மகன், 1847இலும் 1854இலும் எழுதிய நூல்களில் தர்க்கத்தை இயற்கணிதமாக்கினார். அதை ரிலே சுவிட்சுகளோடு இணைத்தவர் கிளாட் ஷானன், 1937இல், எம்.ஐ.டி.யில், முதுகலை ஆய்வேட்டில்.

ஷானனை நான் லேபில்தான் நம்பினேன். ஒரு செய்முறைத் தேர்வு நாள். ஆர் கேட் உள்ள 7432 சில்லு ஒன்றுகூட வேலை செய்யவில்லை; வெளித்தேர்வாளர் வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். டப்பாவில் நாண்ட், அதாவது அண்டுக்கு மேல் நாட் போட்ட கேட், உள்ள 7400 மட்டும் கைநிறைய இருக்கிறது. பதினான்கு கால், உள்ளே நான்கு நாண்ட் கேட், ஐந்து வோல்ட். ஒரு நாண்டின் இரு வாயிலிலும் ஒரே உள்ளீட்டைக் கொடுத்தால் அது நாட். உள்ளீடு இரண்டையும் அப்படிப் புரட்டி, மூன்றாவது நாண்டில் சேர்த்தால் வெளியே வருவது ஆர். 'இரண்டும் இல்லாமல் இருப்பது இல்லை' என்றால் 'ஒன்றாவது இருக்கிறது.' டி மார்கனின் இன்னொரு முகம். நான்கில் மூன்று கேட் போதும். பிரெட் போர்டில் எல்.இ.டி. சிவப்பாக எரிந்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். நாண்ட் ஒன்றை வைத்தே எல்லாக் கேட்டையும் கட்டலாம் என்பது புத்தகத்தில் ஒரு வரி; அன்று அது எங்கள் மானத்தைக் காப்பாற்றியது.

கணங்களுக்கு வருகிறேன். இங்கேயும் குற்றவாளி அதே 'உம்'தான், ஆனால் வேடம் வேறு. 'சென்னைப் பிள்ளைகளையும் மதுரைப் பிள்ளைகளையும் எடு' என்று எஸ்.க்யூ.எல். கேள்வியாக எழுதச் சொன்னால், முதல் தடவையில் வகுப்பில் பாதிப் பேர் ஊர் சென்னை அண்ட் ஊர் மதுரை என்று எழுதுவார்கள். விடை: பூஜ்யம் வரிசை. ஒரே ஆளின் ஊர் ஒரே நேரத்தில் சென்னையாகவும் மதுரையாகவும் இருக்க முடியுமா? இங்கே 'உம்' சேர்ப்புக் கணத்தைச் சொல்கிறது. ஒவ்வொரு ஆளிடமும் கேட்க வேண்டிய கேள்வியோ ஆர். கூட்டத்தைப் பார்த்துப் பேசும்போது உம், ஆளைப் பார்த்துக் கேட்கும்போது ஓ. பந்தியில் பரிமாறுகிறவர் 'சைவக்காரங்களையும் அசைவக்காரங்களையும் உக்கார வை' என்றால், இரண்டுமாக இருக்கிற ஆளைத் தேடிக்கொண்டு யாரும் போவதில்லை.

அதே பிள்ளைகள் சி மொழியில், பயன்படுத்துகிறவர் 'ஒய்' அல்லது 'என்' அழுத்தும்வரை திரும்பத் திரும்பக் கேட்கும் வளையம் எழுதும்போது, 'ஒய் இல்லை' ஆர் 'என் இல்லை' என்று நிபந்தனை போட்டு, வெளியே வரவே முடியாமல் மாட்டிக்கொள்வார்கள். எந்த எழுத்தை அழுத்தினாலும் அது மற்றதாக இல்லையே. இது ஆங்கிலப் புத்தக நடையால் வரும் கேடு. "தமிழ்ல சொல்லுடா" என்றால் சரியாக வந்துவிடும்: "ஒய்யும் இல்ல, என்னும் இல்லன்னா திரும்பக் கேளு." அப்ப அண்ட் போடு. அவ்வளவுதான். தமிழ் குழியும் வெட்டும், ஏணியும் போடும். எந்த இடத்தில் எது என்று பார்த்து நடக்கத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

வெற்றுக்கணத்துக்கு வீட்டிலிருந்து எவர்சில்வர் டிபன் பாக்ஸ் இரண்டு கொண்டுபோவேன். ஒன்று காலி. இன்னொன்றுக்குள் ஊறுகாய் வைக்கும் குட்டி டப்பா, அதுவும் காலி. முதலாவதில் எத்தனை பொருள்? பூஜ்யம். இரண்டாவதில்? 'காலிதானே மேம்' என்று நாலைந்து குரல். டப்பாவை எடுத்துக் காட்டினால் 'ஒண்ணு' என்று இறங்கி வருவார்கள். வெற்றுக்கணமும், வெற்றுக்கணத்தை உறுப்பாகக் கொண்ட கணமும் வேறு வேறு. இந்த இடத்தில் வேறு உதாரணம் எனக்குப் பலித்ததில்லை.

காலி பாக்ஸ் கையில் இருக்கும்போதே, 'இதிலுள்ள இட்லி எல்லாம் நீல நிறம்' என்பேன். மெய்யா பொய்யா? பொய் என்றால் நீலமில்லாத இட்லி ஒன்றை எடுத்துக் காட்டு. காட்ட முடியாது; ஆகவே மெய். பைத்தானில் காலிப் பட்டியலைக் கொடுத்து 'ஆல்' என்று கேட்டாலும் மெய் என்றே சொல்லும். 'எனி' என்று கேட்டால் பொய். ஜிகர்தண்டா கதை நினைவிருக்கிறவர்களுக்கு இது தானாகப் புரியும்: இட்லியே இல்லை என்றால் வாக்கு மீற ஆளேது?

ஒரு கணத்தின் உட்கணங்களையெல்லாம் சேர்த்த அடுக்குக்கணத்துக்குத் தோசை. பொடி, வெங்காயம், நெய் மூன்றில் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம், சேர்க்காமலும் விடலாம். எத்தனை வகைத் தோசை? சாதா தோசையையும் சேர்த்து எட்டு. ஒவ்வொன்றுக்கும் உண்டு, இல்லை என இரண்டு வழி. இரண்டு பெருக்கல் இரண்டு பெருக்கல் இரண்டு. மூன்று கூற்றுக்கு மெய் அட்டவணையில் எட்டு வரிசை வந்ததும் இதனால்தான். ஒவ்வொரு வரிசையும் ஒரு தோசை. அப்படியே லினக்ஸ் லேபுக்குக் கூட்டிப்போய் கோப்பு அனுமதியைக் காட்டுவேன். படிக்க 4, எழுத 2, இயக்க 1. ஏழு என்றால் மூன்றும். ஐந்து என்றால் படிக்கவும் இயக்கவும். பூஜ்யம் என்றால் சாதா தோசை. 755 என்பதை மனப்பாடமாக அடித்துக்கொண்டிருந்தவர்கள், அது மூன்று உட்கணங்களின் பெயர் என்று தெரிந்ததும் சும்மா இருக்க மாட்டார்கள். 640, 711 என்று தாங்களே போட்டுப் பார்ப்பார்கள்.

போன வருடம் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு போன். உசிலம்பட்டிப் பையன்தான். பையன் என்று சொல்லக் கூடாது. இப்போது பெங்களூரில் அவனுக்குக் கீழே ஏழெட்டுப் பேர்.

"மேம், அன்னைக்கு முழு காலேஜும் வந்துச்சுல்ல? இன்னைக்கு ஒருத்தன்கூட வரல."

குறுஞ்செய்தி அனுப்பியாயிற்று என்ற பட்டியலில் இல்லாத வாடிக்கையாளர்களை எடுக்க வேண்டும். நாட் இன் போட்டிருக்கிறான். விடை காலி. பல்லாயிரம் பேர் மிச்சமிருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

"அனுப்புன பட்டியல்ல எங்கயாச்சும் 'நல்', அதான் நிரப்பாத காலி எடம், இருக்கா பாரு."

தட்டும் சத்தம் கேட்டது. "ஒரே ஒரு எடத்துல இருக்கு மேம்."

"அந்தக் காலி எடத்துல இருக்கறது உன் நம்பரான்னு கேட்டா, டேட்டாபேஸ் என்ன சொல்லும்?"

"ஆமான்னும் சொல்லாது, இல்லன்னும் சொல்லாது. தெரியாதுங்கும்."

"அதுக்கு நாட் போட்டா?"

சற்று நேரம் பேச்சில்லை. "தெரியாதுக்கு எதிர்ப்பதமும் தெரியாதுதானே மேம். மெய்யா இருக்கற வரிசையைத்தான் அது எடுத்துக் குடுக்கும்... அப்ப ஒருத்தனும் தேற மாட்டான்." அவனே சொல்லி அவனே சிரித்தான். நல்லை வடிகட்டிவிட்டு மறுபடி ஓட்டினான். வந்துவிட்டது. போனை வைக்கப் போனவன், "கிளார்க் அண்ணன் இன்னும் இருக்காரா மேம்?" என்று கேட்டான்.

ஓய்வு பெற்றுவிட்டார் என்றேன். அன்றைக்குத் தேவைப்படாமல் போன 690 சீட்டையும் அவர் தூக்கிப் போடவில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று கத்தரித்து, நூல் கோத்து, மேசை மேல் தொங்கவிட்டிருந்தார். நாங்கள் லீவு கேட்டு எழுதிக் கொடுத்ததெல்லாம் ரொம்ப காலம் அதில்தான்.